இருபத்தெட்டு ராத்தல்

ஆகாய விமானத்துக்கும் வயசாகும் என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதில்லை. மாட்டு வண்டி பழசு, ரயில் எஞ்சின் பழசு, மோட்டார் கார்கூடப் பழசுதான். விமானம் மட்டும் என்றைக்கும் நாளைக்கு வரப்போகிற சமாசாரம்போல நம் மனத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் எண்பது வயசைத் தொட்டுவிட்ட, சில சமயம் தாண்டியும்விட்ட சிறு விமானங்கள் நல்ல வெயில் அடிக்கும் நாட்களில் புல் தரைகளிலிருந்து இன்றைக்கும் கிளம்புகின்றன. இரண்டு பேர் உட்காரலாம். எஞ்சின் அறுபத்தைந்து குதிரைசக்தி. வேகம் மணிக்கு எழுபது, எண்பது மைல். கீழே நெடுஞ்சாலையில் போகிற கார் சில சமயம் இவற்றை முந்திக்கொண்டு போய்விடும்.

இந்தக் கிழ விமானங்களைப் பற்றி 2004-ஆம் வருஷம் அமெரிக்க சர்க்காருக்கு ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது. பொழுதுபோக்குக்காகப் பறக்கிறவர்களுக்கென்று எளிய லைசென்ஸ் ஒன்றைப் புதிதாக ஏற்படுத்தினார்கள். அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு எந்த எந்த விமானத்தை ஓட்டலாம்? பழைய விமானங்கள் அதில் சேருமா, சேராதா? கேட்பதற்கு இது ஏதோ குமாஸ்தா பிரச்னைபோல இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால், எழுபது வருஷத்துக் கனவுகளும், சில ராத்தல் எடையும், பல மனிதர்களுடைய கடைசி ஆசையும் அதில் பின்னிக் கிடக்கின்றன. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

கனவிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1933-இல் அமெரிக்காவில் பெரும் பண முடை. வேலை இல்லாதவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த காலம். அந்தச் சமயத்தில் யூஜின் விடால் என்ற அதிகாரி, நாட்டின் விமானப் போக்குவரத்து இலாகாவின் தலைவராக வந்தார். ஃபோர்டு மோட்டார் காரைச் சாமான்யனுக்குக் கொடுத்ததுபோல விமானத்தையும் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. விலை 700 டாலர் என்று அவரே நிர்ணயமும் செய்துவிட்டார். குழந்தைகூட ஓட்டலாம் என்று உலகத்துக்குக் காட்டுவதற்காக 1936-இல் பத்து வயசுத் தம் மகனையே விமானத்தில் உட்காரவைத்து, அவன் ஓட்டுவதைச் செய்திப்படம் எடுக்கச் செய்தார். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் பெயர் பெற்ற நாவலாசிரியர் கோர் விடால். பையன் பத்திரமாகத் தரை இறங்கினான். 700 டாலர் விமானம்தான் கடைசிவரை இறங்கவே இல்லை. அந்த விலைக்கு விமானம் செய்ய யாராலும் முடியவில்லை.

சர்க்காரால் முடியாததை ஓரளவுக்குச் செய்துகாட்டியவர் வில்லியம் பைப்பர் என்ற எண்ணெய்க் கிணற்று வியாபாரி. பென்ஸில்வேனியாவில் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் டெய்லர் என்பவரின் விமானக் கம்பெனி நொடித்துப்போயிற்று. அதன் சொத்துக்களை அவர் 761 டாலருக்கு எடுத்தார். ஒரு விமானத்துக்கு விடால் நினைத்த விலைக்கு ஒரு கம்பெனியே கிடைத்துவிட்டது! 1937-இல் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. லாக் ஹேவன் என்ற ஊருக்குப் போய் மறுபடி ஆரம்பித்தார். அங்கே பிறந்ததுதான் 'ஜே-3 கப்' என்ற மஞ்சள் விமானம். எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி வண்ணம் அடித்தது. விலை ஆயிரத்துச் சொச்சம் டாலர். 1947 வரை ஏறக்குறைய 20,000 விமானங்கள் செய்தார்கள். யுத்தம் வரப்போகிறது என்று தெரிந்ததும், கல்லூரி மாணவர்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் திட்டம் ஒன்றை சர்க்கார் தொடங்கியது. 1944-க்குள் நாலு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் தேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதன்முதலில் தரையை விட்டு எழும்பியது இந்த மஞ்சள் கப்பில்தான்.

பைப்பர் விலையைக் குறைத்தார். இன்னொருவர் ஆபத்தைக் குறைக்கப் பார்த்தார். ஃபிரெட் வைக் என்ற அந்த எஞ்சினீயர் சர்க்காரின் விமான ஆராய்ச்சி சாலையில் வேலை பார்த்தவர். புதிதாகப் பறக்கக் கற்கிறவர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று அவர் யோசித்தார். விமானத்தின் இறக்கை, ஒரு குறைந்தபட்ச வேகம் இருந்தால்தான் விமானத்தைத் தாங்கும். வேகம் அதற்குக் கீழே போனால் தாங்காது. விமானம் தொப்பென்று தலை கவிழும். விமானிகள் இதை 'ஸ்டால்' என்பார்கள். தரைக்கு அருகில் திரும்பும்போது இது நேர்ந்தால் விமானம் பம்பரம்போலச் சுழன்றுகொண்டே விழும். வைக் கேட்ட கேள்வி இதுதான்: ஓட்டுகிறவன் என்ன தவறு செய்தாலும் சுழன்று விழாத விமானத்தை ஏன் செய்யக்கூடாது?

அவர் செய்த விமானத்தின் பெயர் 'எர்கூப்'. 1937-இல் முதன்முதலாகப் பறந்தது. 1940-இல் சர்க்கார் சான்று பெற்றது. மற்ற விமானங்களில் கால்களால் மிதித்து வால் சுக்கானைத் திருப்ப வேண்டும். எர்கூப்பில் மிதிகட்டையே கிடையாது. கார் ஓட்டுவதுபோல ஒரே ஒரு சக்கரம். அதைத் திருப்பினால் எல்லாம் சேர்ந்து திரும்பும். மூக்கை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கும் ஒரு கட்டு வைத்தார். ஆகவே விமானம் முழு ஸ்டாலுக்குப் போகாது. சுழல்வது இதன் சுபாவத்திலேயே இல்லை என்ற சான்று அதற்குக் கிடைத்தது. சுபாவத்துக்குச் சான்றிதழ் வாங்கிய யந்திரம் உலகத்தில் அபூர்வம்தான்.

யுத்தம் முடிந்தது. படையிலிருந்து திரும்பிய ஒவ்வொரு விமானியும் வீட்டுக்கு ஒரு விமானம் வாங்குவான் என்று கம்பெனிகள் நம்பின. மேஸிஸ் என்ற பெரிய ஜவுளி சாமான் கடையில் எர்கூப்பையும் நிறுத்தி விற்றார்கள். 1946 என்ற ஒரே வருஷத்தில் 4,000 எர்கூப்களுக்கு மேல் செய்தார்கள். கப், ஏரோங்கா சாம்பியன், டெய்லர்கிராஃப்ட், லஸ்கோம், செஸ்னா 140 எல்லாம் சேர்த்து அந்த வருஷம் சிறு விமானங்கள் 33,000-க்கும் மேல். விமானி ஊருக்குத் திரும்பினான், கல்யாணம் செய்துகொண்டான், வீடு வாங்கினான், விமானம் மட்டும் வாங்கவில்லை. 1949-இல் வருஷ உற்பத்தி மூவாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. ஏரோங்காவின் 'சீஃப்' என்ற விமானத்தின் வழி வந்ததுதான், நம் பெங்களூரில் 1958 முதல் பறந்து, பிறகு நம் நாட்டுப் பறக்கும் கழகங்களில் எத்தனையோ பேருக்கு ஆகாயத்தைக் காட்டிய 'புஷ்பக்'. ஒரு வீடு நொடித்தாலும் குழந்தைகள் எங்கேயோ போய்ப் பிழைத்துக்கொள்கிற மாதிரி.

கம்பெனிகள்தான் போயினவே தவிர, விமானங்கள் போகவில்லை. துணி கிழிந்தால் புதுத் துணி. எஞ்சின் தேய்ந்தால் பிரித்துப் பூட்டு. சரியாகப் பார்த்துக்கொண்டால் இந்த யந்திரங்களுக்குச் சாவு இல்லை. சாவும் மூப்பும் ஓட்டுகிறவனுக்குத்தான். 1942-இல் இருபது வயசில் கப் ஓட்டக் கற்றவனுக்கு 2004-இல் எண்பத்திரண்டு வயசு. விமானிகள் குறித்த காலத்துக்கு ஒருமுறை சர்க்கார் அங்கீகரித்த வைத்தியரிடம் போய் உடம்பைக் காட்டிச் சான்று வாங்க வேண்டும். இருதயத்தில் ஒரு சிறு கோளாறு, சர்க்கரை வியாதிக்கு ஓர் ஊசி என்றால் சிக்கல்தான். விமானம் கொட்டகையில் தயாராக நிற்கும். சொந்தக்காரர் அதைத் துடைத்துவைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

1989-இல் சர்க்கார் ஒரு வழி செய்து பார்த்தது. 'பொழுதுபோக்கு விமானி' என்று ஒரு லைசென்ஸ். நாற்பது மணி நேரப் பயிற்சி வேண்டிய இடத்தில் முப்பது போதும். ஆனால் கிளம்பிய இடத்திலிருந்து ஐம்பது கடல் மைலுக்கு அப்பால் சாதாரணமாகப் போகக்கூடாது. ஒருவரைத்தான் கூட அழைத்துப் போகலாம். வைத்தியர் சான்றும் கட்டாயம். எதற்கு நிவாரணம் வேண்டுமோ அதற்கு நிவாரணம் இல்லை. வெகு சிலரே அதை நாடினார்கள்.

2004 செப்டம்பரில் அமுலுக்கு வந்த 'ஸ்போர்ட் விமானி' விதி அப்படி அல்ல. இருபது மணி நேரப் பயிற்சி. வைத்தியர் சான்றுக்குப் பதில் கார் ஓட்டும் லைசென்ஸ் போதும். பகலில் பறக்க வேண்டும், ஒருவரை அழைத்துப் போகலாம். ஓட்டக்கூடிய விமானத்துக்கு மட்டும் ஒரு கணக்கு வைத்தார்கள். இரண்டு ஆசனத்துக்கு மேல் கூடாது. ஒரே எஞ்சின். சக்கரங்கள் உள்ளே மடங்கக்கூடாது. உச்ச வேகம் மணிக்கு 138 மைலுக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஸ்டால் வேகம் 52 மைலுக்கு மிகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிளம்பும்போது விமானம், ஆட்கள், பெட்ரோல், மூட்டை முடிச்சு எல்லாம் சேர்த்து அதற்கு அனுமதித்த எடை 1,320 ராத்தலுக்கு, அதாவது 600 கிலோவுக்கு, மேல் போகக்கூடாது.

இதைச் செய்தவர்கள் கிழ விமானங்களை மனத்தில் வைத்துக்கொண்டு செய்யவில்லை. 1982-இலிருந்து, லைசென்ஸே வேண்டாத ஓராள் பறக்கும் பொறிகளுக்கு ஒரு விதி இருந்தது. அந்தப் பொறிகள் நாளடைவில் கொழுத்து, இரண்டு பேர் ஏறும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருவதும், புது மாதிரி இலேசு விமானங்கள் செய்யும் தொழிலை வளர்ப்பதும்தான் விதியின் நோக்கம். ஆனால் புதுசுக்குப் போட்ட கோட்டுக்குள் பழசும் வந்து நின்றது. ஜே-3 கப்புக்கு அனுமதித்த எடை 1,220 ராத்தல், சேரும். ஏரோங்கா சாம்பியனில் முதல் மாடலுக்கும் 1,220, சேரும். யுத்தத்துக்குப் பிந்திய டெய்லர்கிராஃப்ட் 1,200; சேரும். லஸ்கோமில் '8-ஏ' 1,260, சேரும். அதே லஸ்கோமில் '8-ஈ' 1,400, சேராது. செஸ்னா 140 என்ற சாது விமானம் 1,450, சேராது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சேர்வதால் விமானம் வேறு வகையாக மாறிவிடுவதில்லை. அதன் பழைய சான்று அப்படியே இருக்கிறது. பழுது பார்க்க லைசென்ஸ் பெற்ற மெக்கானிக் வேண்டும் என்பதும் அப்படியே. புது லைசென்ஸ் உள்ளவர் அதில் ஏறி உட்காரலாம், அவ்வளவுதான்.

விதியில் இன்னொரு வாசகம் இருந்தது. ஒரு விமானம், முதன்முதலில் சான்று பெற்ற நாளிலிருந்து தொடர்ச்சியாக இந்தக் கணக்குக்குள்ளேயே இருந்துவந்திருக்க வேண்டும் என்பது அது. இந்த ஒரு வாசகம் எத்தனை கொட்டகைகளில் என்ன பாடு படுத்தியது என்பதற்கு எர்கூப்பே உதாரணம். எர்கூப்பில் '415-சி' என்ற மாடலுக்கு எடை 1,260. பிறகு வந்த '415-டி'க்கு 1,400. பழைய சி-யையும் டி-யாக மாற்றிக்கொள்ளலாம் என்று வசதி செய்திருந்தார்கள். மூக்கை உயர்த்தும் வால் தகட்டின் அசைவை 13 பாகையிலிருந்து 9 பாகையாகக் குறைத்து, காகிதத்தில் எழுதி ஒட்டினால் முடிந்தது. யுத்தத்துக்குப் பிறகு ஒரு சொந்தக்காரர், இன்னும் 140 ராத்தல் சாமான் ஏற்றலாமே என்று ஆசைப்பட்டு மாற்றிக்கொண்டிருப்பார். அதில் தவறு ஒன்றும் இல்லை. அவர் காலமாகி, விமானம் நாலைந்து கைகள் மாறி, கடைசியில் ஒரு கிழவரிடம் வந்திருக்கும். அவர் அதை மறுபடி சி-யாக்கலாம். தகட்டைப் பழையபடி 13 பாகைக்கு வைக்கலாம். பக்கத்துக் கொட்டகையில் நிற்கும் சி-க்கும் அதற்கும் ஓர் ஆணி வித்தியாசம்கூட இல்லாமல் செய்யலாம். பிரயோசனம் இல்லை. எப்போதோ ஒருமுறை அது கோட்டைத் தாண்டியிருக்கிறது. தாண்டியது தாண்டியதுதான். யந்திரத்துக்கும் ஜாதகம் எழுதி, அதை அழிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மனிதர்கள் விஷயத்திலும் இதே நியாயம்தான். கார் லைசென்ஸ் போதும் என்றார்கள் அல்லவா? அதிலும் ஒரு கொக்கி இருந்தது. கடைசியாக வைத்தியர் சான்றுக்கு விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டவராக இருந்தால் அவருக்கு இந்தச் சலுகை கிடையாது. சந்தேகப்பட்டு வைத்தியரிடம் போகாமலே இருந்தவருக்கு உண்டு. ஒரே வியாதியுள்ள இரண்டு பேரில், நேர்மையாகப் போய் உடம்பைக் காட்டி, 'முடியாது' என்று சொல்லப்பட்டவர் தரையில். சும்மா இருந்தவர் ஆகாயத்தில். மறுக்கப்பட்டவர் விசேஷ அனுமதிக்கு மன்றாடி, அது கிடைத்தால் பறக்கலாம். அதற்கு எத்தனை பரீட்சை, எத்தனை செலவு! சர்க்கார் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தெரிந்தே ஒருவரை ஆபத்துக்கு அனுப்பினார்கள் என்ற பழி வரக்கூடாது. இருந்தாலும், தெரியாமல் இருப்பதற்குப் பரிசும் தெரிந்துகொண்டதற்குத் தண்டனையும் தருகிற விதி எதுவானாலும் மனத்தை உறுத்தத்தான் செய்கிறது.

இப்போது எடைக்கு வருவோம். 2002-இல் விதியின் நகல் வெளியானபோது எல்லை 1,320 ராத்தலாக இல்லை. 1,232 ராத்தலாக இருந்தது. விமானிகளும் தொழில்காரர்களும் ஆட்சேபித்தார்கள். அதன் பிறகுதான் கோட்டை எண்பத்தெட்டு ராத்தல் நகர்த்தி வைத்தார்கள். அப்படி நகர்த்தாமல் இருந்தால்? கப் தப்பித்திருக்கும்; சாம்பியன் தப்பித்திருக்கும். 1,260 ராத்தல் எர்கூப் வெளியே நின்றிருக்கும். இருபத்தெட்டு ராத்தல் அதிகம் என்பதற்காக. பெரிய பூசணிக்காய் இரண்டின் எடை.

அந்த இருபத்தெட்டு ராத்தலின் மதிப்பு 2008-இல் தெரிந்தது. அரிசோனாவைச் சேர்ந்த ஜெஸிகா காக்ஸ் என்ற பெண்ணுக்குப் பிறவியிலேயே இரண்டு கைகளும் இல்லை. எழுதுவது, சாப்பிடுவது, கார் ஓட்டுவது எல்லாம் கால்களால். அந்தப் பெண் விமானம் ஓட்ட ஆசைப்பட்டாள். சாதாரண விமானத்தில் கால்களுக்கு வால் சுக்கான், கைகளுக்கு மற்ற கருவிகள். இருக்கிற இரண்டு காலும் கீழே மிதித்துக்கொண்டிருந்தால் மேலே பிடிப்பது எதனால்? மிதிகட்டை இல்லாத விமானம் வேண்டும். ஃபிரெட் வைக் அதை எழுபது வருஷத்துக்கு முன்பே செய்துவைத்துவிட்டுப் போயிருந்தார். மூன்று வருஷம் பாடுபட்டுக் கற்று, 2008 அக்டோபரில் அவள் ஸ்போர்ட் விமானி லைசென்ஸ் பெற்றாள். கைகள் இல்லாமல் விமானி லைசென்ஸ் பெற்ற முதல் மனிதப் பிறவி அவள்தான். ஓட்டியது 415-சி எர்கூப். ஒரு கால் சக்கரத்தில், ஒரு கால் எஞ்சின் விசையில்.

சுழன்று விழாத விமானம் வேண்டும் என்று வைக் நினைத்தபோது இப்படி ஒரு பெண் வருவாள் என்று அவருக்குத் தெரியாது. 1,320 என்று எழுதிய அதிகாரிகளுக்கும் தெரியாது. ஒருவர் பிறருடைய தவறுகளுக்கு இடம் கொடுத்து யோசித்தார். மற்றவர்கள் ஆட்சேபம் கேட்டுக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். இரண்டும் சேர்ந்த இடத்தில் அவளுக்கு ஆசனம் கிடைத்தது. நகல் விதி நகலாகவே நின்றிருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும்.

எடையை ஏன் அளவுகோலாக வைத்தார்கள் என்று கேட்கலாம். அதற்கும் காரணம் உண்டு. பாரம் கூடினால் மோதலின் உக்கிரம் கூடும். எடை என்பது காகிதத்தில் எழுதியிருக்கிறது; எந்த அதிகாரியும் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சரியா, இல்லையா என்று சொல்லிவிடலாம். விமானத்தின் குணத்தை அப்படிப் பார்க்க முடியாது. ஆனால் இறங்கும்போது ஆளைக் கொல்வது முக்கியமாக வேகம்தான். வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நாலு மடங்காகும். எடை இரட்டித்தால் இரண்டு மடங்குதான். 1,450 ராத்தல் செஸ்னா 140 மெதுவாக இறங்குகிற நல்ல விமானம். அதை விலக்கிவைத்த கோடு, அதைவிடச் சுறுசுறுப்பாக இறங்குகிற சில புது விமானங்களை உள்ளே விட்டது.

இருபத்தோரு வருஷம் இது நடந்தது. நடுவில் 2017-இல், முன்பு சான்று வைத்திருந்த விமானிகள் தங்கள் குடும்ப வைத்தியரிடமே உடம்பைக் காட்டிவிட்டுப் பெரிய விமானங்களையும் ஓட்டலாம் என்று ஒரு வழி திறந்தது. பிறகு 2025 ஜூலையில், விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் ஆஷ்காஷ் என்ற ஊரில் வருஷந்தோறும் நடக்கிற பெரிய விமானத் திருவிழாவில், புது விதியை அறிவித்தார்கள். ஸ்போர்ட் விமானிக்கு இனி எடைக் கணக்கு கிடையாது. ஸ்டால் வேகம் ஏறக்குறைய 68 மைலுக்குள் இருந்தால் போதும். நாலு ஆசனம்கூட இருக்கலாம். அழைத்துப் போவது மட்டும் ஒருவரைத்தான். 2025 அக்டோபர் 22-ஆம் தேதி முதல் இது அமுலுக்கு வந்தது. செஸ்னா 140 உள்ளே வந்தது. லஸ்கோம் 8-ஈ வந்தது. டி எழுத்து எர்கூப்களும் வந்தன. எடைக் கோடே போய்விட்டபின் என்றைக்கோ அதைத் தாண்டியதற்குக் கேள்வி ஏது? வைத்தியர் சான்று மறுக்கப்பட்டவர்களின் நிலைமை மட்டும் பழையபடிதான்.

ஆக, எதை அளக்க வேண்டும் என்று சர்க்கார் கடைசியில் கண்டுகொண்டது. 1930-களில் வைக் தம் மேஜையில் உட்கார்ந்து கேட்ட கேள்வியும் அதுதான்: விமானம் எவ்வளவு கனம் என்பதல்ல, எவ்வளவு மெதுவாக, எவ்வளவு சாதுவாகப் பறக்க முடியும் என்பது. சர்க்கார் அந்த மேஜைக்கு வந்துசேர எண்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. எண்ணை எழுதிவிடுவது சுலபம்; அது எதற்காக எழுதப்பட்டது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் சிரமம். இது விமான இலாகாவுக்கு மட்டும் உரிய குறை அல்ல. பரீட்சை மார்க்கு, உத்தியோகத்துக்கு வயசு வரம்பு, ரேஷன் கார்டில் ஒரு தவறான எழுத்து என்று நமக்குத் தெரிந்த எத்தனையோ வாசல்களில் இதே காவல்காரன்தான் நிற்கிறான்.

1942-இல் இருபது வயசாக இருந்தவன் 2025-இல் உயிரோடு இருந்தால் அவனுக்கு நூற்று மூன்று வயசு. டி எழுத்து எர்கூப்பைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களில் பலருக்கு இந்தத் திருத்தம் எட்டியிருக்காது. விமானங்கள் காத்திருந்தன. எண்பது வயசுக்கு அவை நன்றாகவே இருக்கின்றன. இனி அவற்றில் ஏறப்போகிறவர்கள் பேரப்பிள்ளைகள்.